அச்சை விட்டு வர மறுக்கும் ரெசின்

திருப்பூரில் தைக்கப்படும் காலர் வைத்த பனியன் சட்டைகளின் பொத்தான்களில் பெரும்பாலானவை பாலியெஸ்டர் ரெசினால் ஆனவை. சுழலும் உருளையில் ஊற்றி, முழுதும் இறுகுமுன்பே தகடாக உரித்து, வில்லைகளாக வெட்டுவார்கள். ஒட்டாமல் காப்பது மெழுகு. வினையூக்கியைச் சற்றே கூட்டினால் அது விரைவில் இறுகும்.

அதே கணக்கை வீட்டில் எபாக்சி ரெசினிடம் காட்டி நான் ஏமாந்தேன். எபாக்சியில் கடினமாக்கி வெறும் தூண்டுகோல் அன்று. பொருளின் உடலிலேயே அது ஒரு பங்கு. அளவு மிகுந்தால் மிச்சம் வினைபுரியாமல் தங்கிப் பிசுபிசுக்கும். சிலிக்கோன் அச்சில் எபாக்சி எளிதில் ஒட்டாது. ஒட்டினால் அச்சைவிடக் கலவையையே முதலில் ஐயுற வேண்டும்.

பொதுவாக 24 மணி நேரம் பொறுத்து, அச்சின் ஓரங்களை வெளிப்புறம் இழுத்துக் காற்றை உள்ளே விட்டு, அடியிலிருந்து தள்ளினால் போதும். கத்தி வேண்டாம், அச்சில் விழும் கீறல் அடுத்தடுத்த வார்ப்புகளிலெல்லாம் பதியும்.

அவசர ஆர்டருக்காக வெறுங்கையால் பிரிப்பவர்களை எண்ணித்தான் அஞ்சுகிறேன். இறுகாத எபாக்சி தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நீடிக்கும். நைட்ரைல் கையுறை, திறந்த சன்னல் இரண்டும் இல்லாமல் அச்சைத் தொட வேண்டாம்.