பினாங்கு மனிதர்கள் – 7: மாடு மேய்த்தவர் கட்டிய நீல மாளிகை

ஜார்ஜ் டவுனுக்குப் போகிற தமிழர்கள் தண்ணீர்மலை முருகனைக் கும்பிட்ட கையோடு லீத் தெரு நீல மாளிகைக்கும் போய் வாசலில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதைக் கட்டிய சியோங் ஃபாட் ட்ஸே சின்ன வயதில் மாடு மேய்த்தவர்.

1840-ல், சீனாவின் குவாங்துங் மாநிலத்தில் தாபூ என்ற மலைக் கிராமப் பகுதியில், ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். பிழைப்புத் தேடி பத்தாவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு, கப்பலேறினார். அங்கே தண்ணீர் சுமந்தார் என்பார்கள். பிறகு மாமனார் கைகொடுக்க வியாபாரம் தொடங்கி, தோட்டம், ஈயம், கப்பல் என்று வளர்ந்து, பினாங்கிலும் காலூன்றினார். அமெரிக்கப் பத்திரிகைகள் அவரைச் சீனத்து ராக்ஃபெல்லர் என்று எழுதின.

பணம் சேர்த்தவர்கள் பினாங்கில் நிறைய பேர். இவரை எனக்குப் பிடிப்பது, வாழ்க்கையை இவர் ரசித்த விதத்துக்காக. பத்தாவியாவில் ஒரு விருந்தில் பிரெஞ்சுத் தூதர் ஒருவர், சீனாவின் யான்தாய் மண்ணில் நல்ல திராட்சை விளையும் என்று பேச்சுவாக்கில் சொன்னாராம். கேட்டவர்கள் மறந்திருப்பார்கள், இவர் மறக்கவில்லை. 1892-ல் அங்கே சாங்யூ ஒயின் ஆலையைத் தொடங்கி, ஐரோப்பாவிலிருந்து திராட்சைக் கொடிகளைத் தருவித்தார். 1915-ல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் அவருடைய பிராந்திக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. அந்த ஆலை இன்றும் ஓடுகிறது.

மனைவியர் எட்டுப் பேர். ஏழாவது மனைவி மீதுதான் உயிர். ஒன்பது தலைமுறை ஒரே கூரையின் கீழ் வாழ வேண்டும் என்ற ஆசையில் எழுந்தது இந்த வீடு: 38 அறைகள், 5 முற்றங்கள், 220 ஜன்னல்கள். இரும்புத் தூண்கள் ஸ்காட்லாந்திலிருந்து வந்தன. சுவரின் நீலம் அவுரியிலிருந்து எடுத்தது. அது இந்தியாவிலிருந்து வந்த சாயம்.

கூரை முகட்டை அண்ணாந்து பாருங்கள். பூ, பறவை, மனித உருவம் எல்லாமே கிண்ணத் துண்டுகள். மெல்லிய வண்ணக் கிண்ணங்களை இடுக்கியால் இதழ் இதழாக நறுக்கிக் காரையில் பதித்திருக்கிறார்கள். ஒரு சேவலின் வாலில் மட்டும் எத்தனை கிண்ணம் போயிருக்குமோ!

1916-ல் அவர் இறந்தபோது டச்சுக்காரர்களும் பிரிட்டிஷாரும் கொடிகளை அரைக்கம்பத்தில் பறக்கவிட்டார்கள். ஒன்பது தலைமுறை ஆசை பலிக்கவில்லை. குடும்பம் சிதற, அறைகளில் வாடகைக் குடித்தனங்கள் நிறைந்தன. ஆனால் கடைசி மகன் உயிரோடு இருக்கும்வரை வீட்டை விற்கக் கூடாது என்று உயில் எழுதி வைத்திருந்தார். அந்த மகன் 1989-ல்தான் இறந்தார். பிறகு கட்டடக் கலைஞர் லாரன்ஸ் லோவும் நண்பர்களும் வீட்டை வாங்கி, சீனாவிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்துச் செப்பனிட்டார்கள். 2000-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது.

இதைப் படிக்கும்போது செட்டிநாட்டு வீடுகள் நினைவுக்கு வராமல் இருக்காது. ஏறக்குறைய அதே காலம், கடல் கடந்து சம்பாதித்த அதே பணம், பெரிய குடும்பத்துக்கான அதே ஆசை. அங்கே பங்காளிகள் பெருகி, ஒத்துப்போக முடியாமல், எத்தனையோ வீடுகள் இடிபட்டன. தேக்குத் தூண்களும் கதவுகளும் காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

அங்கே இன்னும் இடிபடாமல் பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டில் உங்களுக்குப் பங்கு இருந்தால், பினாங்கு போகும்போது நீல மாளிகையின் வாசலோடு திரும்பிவிடாதீர்கள். வழிகாட்டியோடு உள்ளே போய்ப் பாருங்கள். முடிந்தால் பங்காளிகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.