பொது உபகரணமும் பாடசாலைகளின் பங்கும்

பல பாடசாலைகள் கூடி ஓர் உபகரணத்தை வாங்கினால் அதன் விலையை அவற்றுள் எவ்வாறு பங்கிடுவது? இது கணக்குப்பிள்ளையின் வேலை என்று ஒதுக்கிவிடுவோர் பலர். ஆனால் உதவித்தொகை கோரும் மனுவில் எழுதப்படும் இந்தப் பங்கீடே எந்தக் குழந்தைக்கு வசதி கிட்டும், எந்தக் குழந்தைக்குக் கிட்டாது என்பதை நிர்ணயிக்கிறது. இவ்விஷயத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அனுபவம் கவனிக்கத்தக்கது.

1996-ஆம் ஆண்டின் தகவல்தொடர்புச் சட்டத்தை ஆதாரமாகக் கொண்டு அந்நாட்டில் ‘இ-ரேட்’ என்னும் திட்டம் ஏற்பட்டது. பாடசாலைகளும் நூல்நிலையங்களும் இணையத் தொடர்பு பெறுவதற்கு ஆகும் செலவில் ஒரு பகுதியை இத்திட்டம் ஏற்கிறது. தொலைபேசிக் கம்பெனிகள் செலுத்தும் தொகையே இதன் மூலதனம். அதுவும் முடிவில் ஜனங்கள் கட்டும் கட்டணத்திலிருந்து வருவதேயாகும். பள்ளிப் பகலுணவுச் சலுகைக்கு உரிய ஏழைக் குழந்தைகள் எத்தனை பேர் என்பதைப் பார்த்து உதவியின் விகிதம் கணிக்கப்படுகிறது. முன்பு, கட்டடத்தினுள் அமைக்கும் உபகரணங்களுக்கு மிக வறிய பாடசாலைகளுக்கே முதலிடம். அவர்களுக்குக் கொடுத்தபின் பணம் மிஞ்சுவது அரிது. ஆகவே மற்றவர்கள் ஆண்டுதோறும் மனுச் செய்து வெறுங்கையோடு நின்றனர்.

2014-இல் தகவல்தொடர்புக் கமிஷன் இம்முறையைத் திருத்தியது. ஐந்தாண்டுக்கு மாணவர் ஒருவருக்கு 150 டாலர் என்று ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒரு செலவு வரம்பு விதித்து, அவ்வரம்புக்குள் 85 சதவீதம் வரை உதவியளிக்க முன்வந்தது. எல்லோருக்கும் ஏதேனும் கிடைக்க வழி பிறந்தது. ஆயினும் புதுச் சங்கடம் ஒன்றும் உடன் பிறந்தது. பல பாடசாலைகளுக்குப் பொதுவான உபகரணத்தின் விலையை எந்தெந்தப் பாடசாலையின் வரம்பில் எவ்வளவு எழுதுவது?

உதாரணமாக, 100, 300, 600 மாணவர்கள் படிக்கும் மூன்று பாடசாலைகளுக்கு 30,000 டாலர் விலையுள்ள உபகரணம் ஒன்று பொதுவாக வேண்டியிருக்கிறது என்று கொள்வோம். சமபாகமாக எழுதினால் ஒவ்வொன்றுக்கும் 10,000 டாலர். சிறிய பாடசாலையின் மொத்த வரம்பே 15,000 டாலர்தான். அதில் மூன்றில் இரு பங்கு ஒரே வீச்சில் தீர்ந்துபோகும். 90,000 டாலர் வரம்புள்ள பெரிய பாடசாலைக்கோ அது ஒன்பதில் ஒரு பங்கே. தலைக்கணக்கின்படி எழுதினால் 3,000, 9,000, 18,000 என்று வரும். மூன்று பாடசாலைகளும் தத்தம் வரம்பில் சரியாக ஐந்தில் ஒரு பங்கையே இழக்கும். சமபாகம் சமநீதியாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டுமோ?

2019-இல் பிறப்பித்த உத்தரவினால் கமிஷன் இச்சிக்கலின் வேரையே அறுத்தது. 2021 முதல் வரம்பு தனித்தனிப் பாடசாலைக்கு அன்றி, ஒரே நிர்வாகத்தின் கீழுள்ள பள்ளி வட்டாரம் முழுமைக்கும் சேர்த்து வகுக்கப்பட்டது. அந்த ஐந்தாண்டுச் சுற்றில் மாணவர் ஒருவருக்கு 167 டாலர். குழந்தைகள் மிகக் குறைவான இடங்களுக்கும் அச்சுற்றில் 25,000 டாலர் என்ற அடிவரம்பு இருந்தது. பொது உபகரணத்தைக் கூறுபோட்டுக் காட்டும் தொல்லை ஒழிந்தது.

தொல்லை ஒழிந்ததே தவிர, கவலை ஒழியவில்லை. பொதுத் தொகுப்பில் செல்வாக்குள்ள பாடசாலை முந்திக்கொள்வதும், மூலையிலுள்ள சிறு பாடசாலை பின்தங்குவதும் எங்கும் நிகழக்கூடியவை. மனுவில் பங்கீடு அவசியமில்லை என்பதால் ஜனங்கள் பார்வைக்கும் அது அவசியமில்லை என்று ஆகிவிடாது.

நம் தேசத்திலும் இப்பிரச்னை புதிதன்று. அண்டையிலுள்ள பாடசாலைகள் ஒரு தொகுப்பாக இணைந்து சாதனங்களைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று கோத்தாரி கமிஷன் 1966-இல் கூறியது. 2020-ஆம் ஆண்டின் கல்விக்கொள்கையும் அதையே வற்புறுத்துகிறது. சேர்ந்து வாங்குவது நன்று. ஆனால் தலைக்கணக்கே அளவாகவும், சிறிய பாடசாலைக்கு ஓர் அடிவரம்பு காவலாகவும், கணக்கு பெற்றோர் அனைவரும் காணுமாறு பகிரங்கமாகவும் இருத்தல் வேண்டும். இம்மூன்றும் இல்லாத கூட்டு, பெயரளவில் மட்டுமே கூட்டு என்பது நமது அபிப்பிராயம்.