புல்தரை அமைக்கும் செலவு: இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரம்

வீட்டு முற்றத்திலும் பள்ளி, ஆலை வளாகங்களிலும் அமைக்கப்படும் புல்தரையைப் பேச்சுவழக்கில் 'லான்' என்கிறோம். வேரோடும் சிறிது மண்ணோடும் பாயாக வெட்டிய புல்லை வாங்கி விரிப்பது இதற்கு விரைவான முறை. நாற்றுப்பண்ணைகள் சதுர அடிக் கணக்கில் விலை சொல்லும். விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்விரு ஊர்களிலும் அந்த விலையை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் கணக்கு தவறிவிடும். மண்ணும் தண்ணீரும்தான் இங்கே பெருஞ்செலவு.

மண்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் செம்மண் மிகுதி. கிழக்கே செல்லச் செல்லக் கரிசல். செம்மண்ணில் நீர் எளிதில் வடியும். ஆகவே நன்றாகக் கொத்தி, கல் பொறுக்கி, மட்கிய சாண எரு கலந்தாலே பெரும்பாலும் போதும். கரிசலோ மழையில் நீரைத் தேக்கும், கோடையில் வெடிக்கும். வெடிப்பில் புல்லின் வேர் அறுபடும். எனவே மேலே செம்மண் பரப்ப வேண்டியிருக்கும்.

ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. அதில் 4 அங்குல உயரம் மண் இட 145 கன அடி தேவை. 100 கன அடி ஒரு யூனிட் என்பதால் இது ஏறத்தாழ ஒன்றரை யூனிட். வண்டி வாடகை, மட்டப்படுத்தும் கூலி ஆகியவை தனி. தெரு குறுகலாக இருந்து லாரி நுழையாவிட்டால் மண்ணைச் சுமந்துதான் கொட்ட வேண்டும். வெளியிலிருந்து வரும் மண்ணோடு கோரைக்கிழங்கும் வந்து சேரும். அதைத் தோண்டி எடுக்கும் கூலியை மதிப்பீட்டில் எழுதுவோர் குறைவு!

புல் வகை

கொரியன் புல் அடர்த்தியாக, மெத்தென்று இருக்கும்; ஆனால் மெதுவாக வளரும். பெர்முடா என்று விற்கப்படுவது நம் அருகம்புல்லின் இனமே. அதற்கு நல்ல வெயில் வேண்டும். மாமர நிழலில் அதை விரிப்பது வீண்செலவு.

தண்ணீர்

கோடையில் நாளொன்றுக்கு 5 மி.மீ. நீர் தேவை என்று கொள்வோம். ஒரு சென்டுக்கு அது சுமார் 200 லிட்டர், மாதத்துக்கு 6,000 லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீர் என்பதே இந்தியாவில் திட்டமிடும் அளவு. அதாவது, ஒரு சென்ட் புல் ஏறத்தாழ ஒன்றரை ஆளின் தண்ணீரைக் குடிக்கிறது. கிணறோ ஆழ்துளைக் கிணறோ இல்லாதவர் லாரித் தண்ணீருக்கு மாதந்தோறும் பணம் கொடுக்க நேரும். துணி அலசிய நீரைத் திருப்பிவிடும் வசதி இருந்தால் ஓரளவு தப்பலாம்.

குறைந்த செலவில் அமைக்க

இப்பகுதிக்கு வடகிழக்குப் பருவமழையே முதன்மையானது. ஐப்பசியில், மழை தொடங்கும்போது, அருகம்புல்லின் வேர்த்தண்டுகளை அரை அடிக்கும் குறைந்த இடைவெளியில் நட்டால் முதல் சில வாரங்களின் நீர்ச்செலவு பெரிதும் குறையும். புல் பாய் வாங்கும் செலவும் இல்லை. ஒரு சதுர அடிப் புல்லைப் பிரித்துப் பல சதுர அடியில் நடலாம். தரை முழுதும் மூடச் சில மாதங்கள் ஆகும். அதுவரை களை எடுக்க ஆள் வேண்டும். அவசரம் இல்லாத பள்ளி வளாகங்களுக்கு இம்முறையே ஏற்றது என்பது என் கருத்து. மாணவர்கள் தம் பள்ளி முற்றத்தை அளந்து, மேற்கண்ட மண், நீர்க் கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம்.