அறிந்து கொள்ளவே படைத்தான்

மக்களைப் பல கூட்டத்தினராகப் படைத்தது அவர்கள் ஒருவரையொருவர் அறிந்து கொள்வதற்கே எனத் திருமறை உணர்த்துகின்றது. ஆயினும், பிறர் இலக்கியத்தைக் கற்றால் ஈமான் குறையுமோ என அஞ்சுவோர் நம்மிடையே உளர்.

ஸ்ரீவில்லிபுத்தூரை நோக்குங்கள். பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகைக்கு அவ்வூர்ப் பெரியாழ்வாரின் பாசுரங்களே வித்து என்பர் அறிஞர். கண்ணனைக் குழந்தையாகக் கண்டு பாடிய அம்மரபில் நின்றே செய்யிது அனபிய்யா புலவர் நபிநாயகம் பிள்ளைத்தமிழ் பாடினார். காப்புப் பருவத்தில் திருமாலின் காவலை வேண்டுவது மரபு. அவரோ அவ்விடத்தில் அல்லாஹ்வின் காவலை வேண்டினார். வடிவத்தை ஏற்றார்; கொள்கையை விட்டாரில்லை.

அண்மையிலுள்ள இராசபாளையத்தில் வாழ்ந்த மு. கு. ஜகந்நாத ராஜாவையும் எண்ணிப் பாருங்கள். பெரியாழ்வார், ஆண்டாள் வரலாற்றைக் கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் பாடிய ஆமுக்தமால்யதாவை அவர் தமிழாக்கினார். அதற்காக 1989ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசு பெற்றார். இரு மொழியும் அறிந்தமையாலன்றோ அவர் பாலமானார்!

நாம் பாலமாவது எவ்வாறு? நம் நாயகத்தின் பிள்ளைத்தமிழை நம் இல்லத்துப் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்? தம்முடையதை அறியாதவர் அயலாரிடம் எதனை எடுத்துரைப்பர்? இவ்வாரம் ஒரு பாடலையேனும் அவர்கள் செவியில் சேர்ப்பீராக!