துர்பான்: பாலைவனப் பள்ளத்தில் திராட்சை

சீனாவின் ஷின்ஜியாங் பகுதியில் உள்ள துர்பானில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 16 மில்லிமீட்டர். கோடையில் வெப்பம் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். பள்ளத்தின் அடியில் உள்ள அய்டிங் ஏரி கடல் மட்டத்துக்கு 154 மீட்டர் கீழே இருக்கிறது. இங்கேதான் 2,000 ஆண்டுகளுக்கும் மேலாகத் திராட்சை விளைகிறது. இங்குள்ள யாங்ஹாய் கல்லறைகளில் கிடைத்த கொடித்துண்டு அதற்குச் சான்று. கி.பி. 640இல் தாங் பேரரசு இப்பகுதியைப் பிடித்தபோது, திராட்சை மது வடிக்கும் முறையும் அதன் கைக்கு வந்தது.

தண்ணீருக்கு என்ன வழி? தியான்ஷான் மலைப்பனி உருகி, அடிவாரச் சரளை மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. அதைப் பிடித்துக் கொண்டுவருவது காரேஸ் என்னும் சுரங்கக் கால்வாய். வரிசையாகக் கிணறுகள் வெட்டி, அவற்றின் அடிப்பகுதிகளைச் சுரங்கத்தால் இணைக்கிறார்கள். தரையின் சரிவைவிடச் சுரங்கத்தின் சரிவு குறைவு. அதனால் மலைப்பக்கம் மிக ஆழமாக இருக்கும் கிணறுகள் வரவர ஆழம் குறைந்து, கடைசியில் தண்ணீர் தானாகவே தரைக்கு வந்துவிடும். மோட்டாரும் வேண்டாம், ஏற்றமும் வேண்டாம். வெயில் படாததால் வழியில் ஆவியாகி வீணாவதும் குறைவு.

இருட்டுக்குள் கோணாமல் எப்படித் தோண்டினார்கள்? எண்ணெய் விளக்கை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வார்கள். தன் நிழல் நேர் எதிரே விழுகிறதா என்று பார்த்தபடியே மண்ணை வெட்டிக்கொண்டு போவார்கள். மனித அறிவின் உச்சங்களில் ஒன்றாக இதை வைக்கலாம். கர்நாடகத்தின் பீதரிலும் காரேஸ் முறையில் வெட்டிய பழைய சுரங்கக் கால்வாய் இருக்கிறது.

தண்ணீர் கிடைத்துவிட்டால் பாலைவனத்தின் மற்ற குணங்கள் கொடிக்குச் சாதகமாகிவிடுகின்றன. வறண்ட காற்றில் பூஞ்சை நோய் அதிகம் அண்டாது. பகலில் சுள்ளென்ற வெயிலில் இலைகள் சர்க்கரை தயாரிக்கின்றன. இரவில் குளிர்வதால் கொடி அதை அதிகம் செலவழிப்பதில்லை. அதனால் பழத்தில் தித்திப்பு ஏறுகிறது. ஒயினுக்குப் போவது போக, பெரும்பங்கு உலர்திராட்சையாகிறது. சுவரெங்கும் துளை விட்டுக் கட்டிய மண்கல் அறைகளில் கொத்துக் கொத்தாகத் தொங்கவிடுகிறார்கள். வெயிலில் காய்ந்தால் பழுப்பேறும் பழம், நிழலில் வெப்பக்காற்று பட்டு வாரக்கணக்கில் உலர்ந்து பச்சை நிறம் மாறாமல் இருக்கிறது.

குளிர்காலமோ உறைபனி. உய்குர் விவசாயிகள் இலையுதிர் காலத்தில் கொடிகளைப் பந்தலிலிருந்து இறக்கி மண்ணுக்குள் புதைத்து, வசந்தத்தில் மறுபடி எடுத்துக் கட்டுகிறார்கள்.

ஆழ்துளைக் கிணறுகள் பெருகியபின் நிலத்தடி நீர்மட்டம் இறங்கிவிட்டது. ஒருகாலத்தில் ஆயிரத்துக்கும் மேல் இருந்த துர்பான் காரேஸ்களில், இன்று சில நூறில்தான் தண்ணீர் ஓடுகிறது.