நிலமும் நிலத்தின் அடியும்

எண்ணெய் பூர்வீகக் குடிகளுக்கு வரமா சாபமா என்பதைவிட, அது சட்டப்படி யாருடையது என்ற கேள்வியே அடிப்படையானது.

யூட் மக்களில் பெரும்பகுதியினர் 1881 இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலிருந்து துரத்தப்பட்டனர். தெற்கு யூட்டுகளுக்கு எஞ்சியது ஒரு துண்டு நிலம். ஆனால் அதனடியில் கிடந்த இயற்கை வாயுவில் ஒரு பகுதி அவர்களுக்கே உரித்தாயிற்று. குத்தகைப் பணத்தை நம்பியிருந்தவர்கள் 1992 இல் சொந்தக் கம்பனி தொடங்கினர். இன்று அமெரிக்கப் பூர்வீகக் குடிகளுள் வசதிமிக்கவர்களில் அவர்களும் அடங்குவர்.

ஈக்வடோரின் அமேசன் பகுதியில் 1967 இல் எண்ணெய் கண்டறியப்பட்டது. 1990 இல் வவோரானி மக்களுக்குப் பெரும் நிலப்பரப்புக்கான உறுதியை வழங்கிய அரசு, எண்ணெய் அகழ்வைத் தடுக்கலாகாது என்ற நிபந்தனையையும் சேர்த்தே வழங்கியது. வருமானம் அரசுக்கும் கம்பனிகளுக்கும் போயிற்று. கழிவு ஆறுகளில் கலந்தது.

எனினும் ஒப்பீடு இத்துடன் முடிவதில்லை. தெற்கு யூட்டுகள் ஏறத்தாழ 1500 பேர். அவர்களிடம் பணம் உண்டு, நாட்டை அசைக்கும் பலம் இல்லை. ஈக்வடோரின் பூர்வீகக் குடிகளோ பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர். 1990 இல் அவர்களது எழுச்சி வீதிகளை மறித்தது. 2008 இன் அரசியலமைப்பு நாட்டைப் பல்தேசிய அரசென ஏற்றது. 2023 இல் யசூனிக் காட்டின் எண்ணெய் வயலொன்றை மூடும்படி பெரும்பான்மையினர் வாக்களித்தனர்.

ஆனால் பல்தேசியத்தை ஏற்ற அதே அரசியலமைப்புத்தான் நிலத்தடி வளம் அரசின் சொத்து என்றும் கூறுகிறது. சுயாட்சி பற்றிப் பேசும் எவரும் முதலில் வாசிக்கவேண்டிய வரி அதுவே.