தகைவிலான் பெயரில் ஒரு நகராட்சி

குப்பை வண்டி, தெருவிளக்கு, வீட்டு வரி. நகராட்சி என்றதும் நம் நினைவுக்கு வருவது இவைதானே? அப்படிப்பட்ட ஒரு புறநகர் நகராட்சி, உலக நாடுகளுக்கே வழிகாட்ட முடியுமா?

முடிந்திருக்கிறது நேயர்களே! ஆஸ்திரேலியாவில், மெல்போர்னின் வடக்குப் புறநகரில் இருக்கிறது டேர்பின் நகராட்சி. அங்குள்ள ஓர் ஓடையின் பெயர்தான் அதற்கும். அந்த மண்ணின் பூர்வகுடிகள் மொழியில் அது தகைவிலான் குருவியைக் குறிக்கும் என்பார்கள். எவ்வளவு அழகான பெயர்!

2016 டிசம்பரில் இந்த நகராட்சி 'காலநிலை அவசரநிலை' என்று அறிவித்தது. அதற்கு முன் உலகில் எந்த அரசு அமைப்பும் அப்படி அறிவித்ததில்லை. பிரிட்டிஷ் நாடாளுமன்றமே 2019-இல்தான் அந்த முடிவுக்கு வந்தது.

அதற்கும் முன்பே டேர்பின் செய்த ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஓய்வூதியத்தில் வாழும் பெரியவர்களின் வீட்டுக் கூரையில் சோலார் தகடு பொருத்த நகராட்சியே ஏற்பாடு செய்தது. முன்பணம் வேண்டாம், வட்டியும் இல்லை. மின் கட்டணம் குறைய, செலவான தொகையை வீட்டு வரியோடு சேர்த்துப் பத்து ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினால் போதும்!